மயக்கத்துக்கு முன்னால் நடந்தது

தடால்!

பணிமனையின் நடைவழியில் வந்துகொண்டிருந்தவளின் காதில் அந்தச் சத்தம் இடி மாதிரி விழுந்தது. ஓட்டுநர்களின் ஓய்வறையிலிருந்துதான். பெஞ்சு கவிழ்ந்த சத்தம், கூடவே ஏதோ கனமான ஒன்று தரையில் மோதிய சத்தம். அதற்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர்க் குழாயில் யாரோ கரண்டியால் 'டிங் டிங்' என்று தட்டியதும் கேட்டிருந்தது. அது அவளுக்குப் பழகிப்போன சத்தம். 'எக்ஸ்ரே வருது, உஷார்' என்று அர்த்தம்.

அவள் பஸ்களில் டிக்கெட் பரிசோதகர். முகத்தைப் பார்த்தே யார் டிக்கெட் வாங்கவில்லை என்று சொல்லிவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். எதிரே வந்தால் மேடம், தாண்டிப் போனதும் எக்ஸ்ரே. கண்டக்டர்கள் டிக்கெட் கொடுக்காமல் காசு வாங்கினால் எழுதிக் கொடுப்பதும் அவள்தான். அதனால் பணிமனையில் அவள் எந்த அறைக்குள் நுழைந்தாலும் பரீட்சை ஹால் போல அமைதியாகிவிடும்.

அன்றும் அப்படித்தான். கதவைத் தள்ளியதும் சுவரோரமாக நின்ற நான்கைந்து பேரும் சாமி சிலை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். தரையில் கிடந்தது அவளுடைய புருஷன்.

"ஐயோ! என்னங்க!"

முகம் காகிதம் மாதிரி வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. கேன்டீன்காரி அவர் தலையை மடியில் தாங்கியிருந்தாள். அவருடைய ஜோடிக் கண்டக்டர் சில்லறை (யாருக்குமே மீதிச் சில்லறை கொடுத்ததில்லை என்பதால் வந்த பெயர்) அவர் கால்களைத் தூக்கிப் பிடித்திருந்தான். அவள் குனிவதற்குள் அவர் கண்ணைத் திறந்துவிட்டார். சுற்றிலும் பார்த்தார். அவளைப் பார்த்ததும் மறுபடி மூடிக்கொண்டார்.

"என்ன நடந்துச்சு?"

ஆளாளுக்கு மேற்கூரையைப் பார்த்தார்கள்.

"உங்களைத்தான் கேக்கறேன். என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல மேடம்," என்றான் சில்லறை. "சும்மா உக்காந்திருந்தாரு. விழுந்துட்டாரு."

சும்மா உட்கார்ந்திருந்த மனுஷன் மூக்கில் வேறு யாருடைய மூக்குக்கண்ணாடியோ தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணோரம் ஈரம். நிமிர்ந்து பார்த்தால் கேன்டீன்காரிக்கும் கண் சிவந்திருந்தது. சில்லறைக்கும்தான். அத்தனை பேரும் ஒன்றாக உட்கார்ந்து அழுதார்களா? இல்லை, ஒன்றாக எதையாவது ஊற்றிக்கொண்டார்களா? அவள் கணவர் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள். டீ வாசனை மட்டும்தான் அடித்தது.

கிளை மேலாளர் மூச்சு வாங்க ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"போன மாசம் ஒர்க் ஷாப் படியில விழுந்தாரே, அதுவும் இதுதானா?"

"அது வழுக்கி விழுந்தது சார்," என்றார் கணவர் ஈனக்குரலில்.

"வழுக்கினவர் எழுந்திரிக்க அவ்வளவு நேரம் ஆகாது. இங்க பாருங்க, உங்க பின்னால பஸ் நிறைய ஜனம் உக்காந்திருக்கு. ஏன் விழறீங்கன்னு டாக்டர் எழுதிக் குடுக்கற வரைக்கும் ஸ்டியரிங் பக்கம் கையைக் கொண்டுபோகாதீங்க. காரணம் தெரியலைன்னா வண்டி கழுவற பக்கம்தான் உங்களை மாத்தணும். வேற வழி இல்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வாலிப வயசிலிருந்து அவருக்குத் தெரிந்த ஒரே வேலை பஸ் ஓட்டுவது. வேறு எதிலும் அவருக்குப் பெருமை கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் படுத்திருக்க, அவள் அவருடைய சீருடைச் சட்டையை உதறி, முகர்ந்து, பைகளை வெளியே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய தங்கை, அதே வீட்டில் இருப்பவள், வாசற்படியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்ன அண்ணி, சட்டைக்குள்ள டிக்கெட் இல்லாம யாராச்சும் ஒளிஞ்சிருக்காங்களா?"

"உனக்குக் கேலியா இருக்கா? உங்கண்ணன் எதையோ மறைக்கறார்."

"அண்ணனுக்கு மறைக்கத் தெரியுமா? சாக்லெட் தின்னாக்கூட மூக்குல ஒட்டிக்கிட்டு வருவாரு."

"அதனாலதான் சொல்றேன். இந்தத் தடவை மூக்குல எதுவும் ஒட்டல."

மறுநாள் ஆஸ்பத்திரியில், மயக்கத்துக்கென்றே இருந்த பிரிவில், ஒரு டாக்டரம்மா அவரைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள். நிற்க வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் வயர்களை ஒட்டி இதயத்தின் ஓட்டத்தைக் காகிதத்தில் எடுத்தாள். ஸ்கேன் எடுத்தாள். குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை.

"இதயம் கல்லு மாதிரி இருக்கு," என்றாள். "வலிப்பு மாதிரியும் தெரியல. நாக்கைக் கடிக்கல, எழுந்ததும் குழப்பம் இல்ல. உடனே எல்லாரையும் அடையாளம் தெரிஞ்சிருக்கு. எனக்கென்னவோ இது நரம்பு பண்ற வேலைன்னு தோணுது."

"நரம்புத் தளர்ச்சியா டாக்டர்?" என்றாள் அவள்.

"அது வேற. சொல்றேன் கேளுங்க. இதயத்தை மெதுவா ஓடச் சொல்றதுக்கு உடம்புல ஒரு நரம்பு இருக்கு. சில பேருக்கு ஏதோ ஒரு விஷயம் அதைத் தட்டி எழுப்பிடும். உடனே அது அளவுக்கு மீறி பிரேக் போடும். நாடி குறையும், ரத்தக்குழாய் விரியும், ரத்தம் காலுக்கு இறங்கிடும். மூளைக்குக் கொஞ்ச நேரம் சப்ளை கட். ஆள் விழுந்துடுவார். விழுந்து படுத்ததும் ரத்தம் தானா தலைக்கு வந்துடும், முழிச்சுக்குவார்."

பிரேக் என்றதும் கணவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. தன் பாஷையில் ஒருத்தர் பேசுகிறாரே!

"தட்டி எழுப்பற விஷயம் எதுன்னு தெரியணும். அதுதான் பாதி வைத்தியம். சிலருக்கு ரத்தத்தைப் பாத்தா வரும். சிலருக்கு இருமினா, சிலருக்கு ஒண்ணுக்குப் போனா, சிலருக்கு ரொம்ப நேரம் நின்னா. நீங்க விழறதுக்கு முன்னால என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அவர் மெதுவாக மனைவியைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அவளுக்குச் சுருக்கென்றது. டிக்கெட் இல்லாதவன் பரிசோதகர் பக்கத்தில் வந்ததும் பார்ப்பானே, அதே பார்வை! வெளியே என்னவோ பெரிய தோட்டம் பூத்துக் குலுங்குகிற மாதிரி.

"ஞாபகம் இல்ல டாக்டர்," என்றார்.

பொய். அப்பட்டமான பொய்.

அடுத்த நாள் அவள் பணிமனையில் விசாரணையை ஆரம்பித்தாள். ஒவ்வொருத்தராகத் தனியே ஓரங்கட்டினாள். டயர் பார்ப்பவன், "தூங்கிட்டிருந்தாரு மேடம்" என்றான். டைம் கீப்பர், "டீ குடிச்சிட்டிருந்தார்" என்றார். இன்னொரு டிரைவர் யோசித்து யோசித்து, "உடற்பயிற்சி பண்ணிட்டிருந்தாரு" என்றான். ஷூ லேஸ் கட்டவே குனிய முடியாத வயிறு அவள் கணவருக்கு. உடற்பயிற்சியாம்!

கேன்டீன்காரி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "நான் முதுகைக் காட்டி நின்னேன். எதையும் பாக்கல மேடம்" என்றாள்.

"முதுகைக் காட்டி நின்னவ, எல்லாருக்கும் முன்னால ஓடிவந்து எப்படித் தலையைத் தாங்குன?"

"அது... சத்தம் கேட்டுச்சு."

"அழுதிருக்கியே, ஏன்?"

"வெங்காயம் மேடம்."

"ஓய்வறையில உக்காந்து வெங்காயம் உரிச்சியா?"

கேன்டீன்காரி உதட்டைக் கடித்துக்கொண்டு குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாளா? ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு பதில். இப்படி ஒரு கூட்டமே சேர்ந்து பொய் சொன்னால் உள்ளே சின்ன விஷயமாக இருக்காது. இந்தப் பெண் பிள்ளைக்கும் தன் புருஷனுக்கும் என்ன? டீயில் எதையாவது கலந்து கொடுக்கிறாளா?

யோசித்ததோடு நிற்கவில்லை. ஒரு பாட்டிலில் டீயை வாங்கிக்கொண்டு நேரே டாக்டரம்மாவிடம் போனாள்.

அன்று கணவரை ஒரு சாய்கட்டிலில் பட்டையால் கட்டி, கட்டிலை நிமிர்த்தி வைத்து, நாடியும் ரத்த அழுத்தமும் என்ன ஆகிறது என்று வெகுநேரம் பார்த்திருந்தார்கள். நின்றபடியே தூங்கப் பார்த்தாரே தவிர அவர் மயங்கவில்லை. டாக்டரம்மா பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள்.

"இதுல சர்க்கரை ஜாஸ்தி. வேற குத்தம் எதுவும் இருக்கற மாதிரி தெரியல."

"பரிசோதனைக்கு அனுப்புங்க டாக்டர்."

"அம்மா, விஷம் வெச்சா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எழுந்து உக்கார மாட்டாங்க." டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சாய்கட்டில்லயும் ஒண்ணும் வரல. அப்ப சும்மா நிக்கறதால வரதில்ல. வேற ஏதோ இருக்கு. விழறதுக்கு முன்னால நடந்ததை யாராவது ஒருத்தர் சொன்னாத்தான் நான் மேல போக முடியும். இல்லைன்னா 'காரணம் தெரியாத மயக்கம்'னு எழுதணும். அப்படி எழுதினா அவர் பஸ் ஓட்ட முடியாது."

கட்டிலிலிருந்து இறங்கிய கணவர் காதில் அது விழுந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே நின்றார். வேலையே போனாலும் பரவாயில்லை என்று மறைக்கிற விஷயம் எதுவாக இருக்கும்? அவளுக்கு முதன்முறையாகக் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

அன்றைக்கே சில்லறையைப் பிடித்தாள். பணிமனையின் பின்பக்கம், காலியாக நின்ற ஒரு பஸ்ஸில் அவன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முன்வாசலில் அவள் ஏறியதும் அவன் பின்வாசலைப் பார்த்தான்.

"இறங்கிடாத. இந்தத் தடவை சட்டம் பேச வரல."

"நான் எதுவும்..."

"தூங்கினார், டீ குடிச்சார், உடற்பயிற்சி பண்ணார், எல்லாம் கேட்டாச்சு. அவருக்கும் கேன்டீன்காரிக்கும் என்ன?"

சில்லறைக்குப் புரையேறிவிட்டது. "ஐயையோ! என்ன மேடம் நீங்க! அந்தக்கா அவரைக் கூடப்பொறந்தவர் மாதிரி..."

"அப்ப என்னதான் நடந்துச்சு? உங்கண்ணன் நாளைக்கு வாளியும் துடைப்பமுமா நிக்கப் போறார். நீ போற பஸ்ஸைக் கழுவி விடப் போறார். அதைப் பாக்க உனக்கு ஆசையா?"

அவன் டப்பாவை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான்.

"எழுதிக் குடுத்துட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"அண்ணன் மேலயும் கோவப்படக் கூடாது. சத்தியமா?"

"டேய், சொல்லித் தொலை!"

"அண்ணன் நடிச்சுக் காட்டினாரு... அண்ணி." மேடம் அண்ணியாகிவிட்டது அவனுக்கே தெரியவில்லை. "அவரு நல்லா நடிப்பாரு. நாங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம். எப்பவாவது அவருக்கும் பெருசா சிரிப்பு வந்துட்டா நிக்காது. மூச்சே விட மாட்டாரு. அன்னிக்கும் சிரிச்சுக்கிட்டே இருந்தப்ப குழாய்ல தட்டிட்டாங்க. நாங்கல்லாம் கப்புனு நிறுத்திட்டோம். அவரால முடியல. ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு உள்ளுக்குள்ளயே குலுங்கினாரு. அப்படியே சாஞ்சுட்டாரு. ஒர்க் ஷாப் படியிலயும் அதேதான்."

"சிரிச்சா விழுந்தார்?"

"சத்தியமா அண்ணி."

"இதை டாக்டர்கிட்டச் சொல்றதுக்கு என்னடா வெட்கம்? யாரை மாதிரி நடிச்சார்? மேலாளரையா?"

சில்லறை ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அங்கேயும் தோட்டம் பூத்திருந்தது போலிருக்கிறது.

அவளுக்குப் புரிந்தது. இன்னொருத்தருடைய மூக்குக்கண்ணாடி. மூக்கு நுனியில், அவள் மாட்டுகிற மாதிரியே.

"என்னையா?"

"ரொம்ப மரியாதையாத்தான் நடிப்பாரு," என்றான் சில்லறை.

டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டதும் மேஜையைத் தட்டினாள். "இதைத்தான் நான் முதல் நாள்லேருந்து கேட்டுட்டிருக்கேன்! அடக்க முடியாம சிரிக்கும்போது நெஞ்சுக்குள்ள அழுத்தம் ஏறும், இதயத்துக்கு ரத்தம் வர்றது குறையும். அதுலயே அந்த நரம்பு முழிச்சுக்கும். வாயைப் பொத்திச் சிரிச்சா இன்னும் மோசம். அபூர்வம்தான், ஆனா உண்டு. கேட்டதை வெச்சு மட்டும் நான் எழுத முடியாது. கண்ணால பாக்கணும். அவரை வரச் சொல்லுங்க, அந்தக் கண்டக்டரையும் சேத்து."

அதனால் மறுபடி சாய்கட்டில், பட்டை, நெஞ்சில் வயர்கள், விரலில் ரத்த அழுத்தம் காட்டும் உறை. எதிரே சில்லறை. ஓரத்தில் அவள்.

"ம், ஆரம்பிங்க," என்றாள் டாக்டரம்மா.

கணவர் மனைவியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "வரல டாக்டர்."

"அண்ணே, அந்தக் கரப்பான்பூச்சியைப் பண்ணுங்கண்ணே," என்றான் சில்லறை.

"சும்மா இருடா!"

டாக்டரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பார்வை புரிந்து, அவளே எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நடைவழியில் மருந்து நெடி. ஒரு சக்கர நாற்காலி கிறீச்சிட்டுக்கொண்டு போனது. உள்ளே முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, தெளிவாக, கணீரென்று, அவளுடைய குரல் கேட்டது.

"எங்க ஏறின? சமையல் ரூம்லயா? மீசை மட்டும் இவ்வளவு பெருசா வெச்சிருக்கியே, டிக்கெட் எங்க? சின்னதா இருந்தா அரை டிக்கெட்டா? எழுந்து நில்லு... ஆறு காலாலயும் நில்லு!"

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளேதான். அந்த 'எங்க'வை இழுக்கிற இழுப்பு, முடிவில் குரலைத் தட்டையாக்குகிற விதம், எல்லாம் அவளேதான். அந்தக் குரலைத் தொடர்ந்து ஒரு சிரிப்பு புறப்பட்டது. முதலில் குபுக்கென்று, பிறகு அலை அலையாக, மூச்சுக்குத் திணறி, கீச்சுக் குரலாகி, மறுபடி வெடித்து. யாருடைய சிரிப்பு அது? சில்லறையுடையது இல்லை, அவனுடையது தனியாகக் கேட்டது. டாக்டரம்மாவுடையதும் இல்லை.

அந்தச் சிரிப்பு யாருடையது என்று கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுதான் அவளைச் சுட்டது.

சட்டென்று சிரிப்பு அறுந்தது. மானிட்டர் அலறியது. "கட்டிலை இறக்குங்க, இறக்குங்க!" அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். கணவர் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தார். இமை துடித்தது. உதடு கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. கண்ணைத் திறந்தார்.

"கிடைச்சிருச்சு," என்றாள் டாக்டரம்மா, திரையில் பள்ளத்தில் இறங்கி மேலேறிய கோட்டைக் காட்டி. "இதோ நாடி விழுது, இதோ அழுத்தமும் கூடவே விழுது. நரம்பு போட்ட பிரேக்."

பிறகு அவரை உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். விழுவதற்கு முன்னால் காது அடைக்கும், பார்வை மங்கும், வியர்க்கும். அதை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படி வந்தால் உடனே உட்கார வேண்டும், முடிந்தால் படுத்துவிட வேண்டும். அதற்கும் இடம் இல்லையென்றால் காலைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்கி, கை இரண்டையும் கோத்து இழுக்க வேண்டும், அழுத்தம் ஏறும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். நின்றுகொண்டு சிரிக்கக் கூடாது. வந்த சிரிப்பை அடக்கவே கூடாது. அவரும் மாணவன் மாதிரி காலைப் பின்னி, கையைக் கோத்து இழுத்துக் காட்டினார்.

"இனி வண்டி விஷயம். பஸ் ஓட்டறவங்களுக்குச் சட்டம் கடுமை. கொஞ்ச மாசம் ஓட்டாம இருக்கணும், அதுக்குள்ள மயக்கம் வரக் கூடாது. அப்புறம் நான் எழுதித் தரலாம். ஆனா ஒரு நிபந்தனை. இது சிரிப்பால மட்டும்தான் வருது, பெருசா சிரிச்சா கட்டாயம் வருதுன்னு எனக்கு உறுதியாத் தெரியணும். ஒரு நாள் வந்து ஒரு நாள் வரலைன்னா வேற எதுவோ இருக்குன்னு சந்தேகம். அப்ப கையெழுத்துப் போட மாட்டேன்." பேனாவைத் திறந்தாள். "வீட்ல எப்பவாவது விழுந்திருக்கீங்களா?"

"இல்ல டாக்டர்."

"வீட்ல இந்த மாதிரி வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கீங்களா?"

கணவர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, அவர் முகம் இளகியது.

"தினமும் டாக்டர்," என்றார். "எங்க வீட்ல எப்பவும் சிரிப்புத்தான்."

பேனா நின்றது. டாக்டரம்மாவின் புருவம் சுருங்கியது. "தினமும் சிரிக்கறீங்க, ஒரு தடவைகூட விழலையா? அப்ப கணக்கு உதைக்குதே..."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்திருந்தார். அவள் அந்தப் பார்வையைப் பார்த்தாள். எத்தனை ஆயிரம் பஸ்ஸில் எத்தனை ஆயிரம் முகத்தில் பார்த்த பார்வை! இப்படி ஒருத்தனைக் கையும் களவுமாகப் பிடிக்கும்போது அவளுக்குக் குரல் கணீரென்று வரும். இன்றைக்கு வரவில்லை. கிட்டத்தட்ட ரகசியம் மாதிரிதான் வந்தது.

"அவர் சொல்றது பொய் டாக்டர், கல்யாணம் ஆன நாள்லேருந்து எங்க வீட்ல அவர் வாய்விட்டுச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல."